தோல்வியை நம்ப மறுத்த கிளப்: பிரென்ட்ஃபோர்டின் தரவு வழி

2018 அக்டோபரில் டீன் ஸ்மித் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனதும், அவருக்கு உதவியாளராக இருந்த டென்மார்க்காரர் தாமஸ் ஃபிராங்க் பிரென்ட்ஃபோர்டின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவர் பொறுப்பேற்ற முதல் பத்து ஆட்டங்களில் எட்டில் அணி தோற்றது. அந்த நவம்பரிலேயே கிளப்பின் தொழில்நுட்ப இயக்குநர் ராபர்ட் ரோவன் 28 வயதில் திடீரென இறந்துபோனார். இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில், இதைவிட நல்ல தொடக்கம் கண்டும் வேலை இழந்த பயிற்சியாளர்கள் ஏராளம். பிரென்ட்ஃபோர்டின் நிர்வாகம் ஃபிராங்கை நீக்கவில்லை. அணி உருவாக்கிய கோல் வாய்ப்புகளின் தரத்தையும், எதிரணிக்கு விட்டுக்கொடுத்த வாய்ப்புகளின் தரத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, இத்தனை தோல்விகளுக்கு உரிய ஆட்டத்தை அந்த அணி ஆடவில்லை என்று அவர்களுடைய கணக்கு சொன்னது. அவர்கள் அந்தக் கணக்கை நம்பினார்கள். 2021 மே மாதத்தில் அதே பயிற்சியாளர்தான் அணியை பிரீமியர் லீகுக்குள் கொண்டுபோனார். அதற்கு முன் 74 ஆண்டுகளாக அந்த கிளப் முதல் அடுக்கில் ஆடியதே இல்லை.

தரவின் துணையால் உயர்ந்த சிறிய கிளப் என்று பிரென்ட்ஃபோர்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம், வீரர்களை மலிவாக வாங்கிப் பெரும் விலைக்கு விற்ற கதைதான் முன்னால் வந்து நிற்கும். அந்தக் கதை பொய்யல்ல. ஆனால் அது விளைவு. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் ஆட்டத்தின் முடிவையும் அந்த ஆட்டத்தின் தரத்தையும் பிரித்துப் பார்ப்பது, பிரித்துப் பார்த்தபின் அரங்கில் எழும் கூச்சலுக்கு எதிராகவும் அந்தக் கணக்கின்படியே முடிவெடுப்பது என்ற ஒரு பழக்கத்திலிருந்துதான் மற்ற அனைத்தும் கிளைத்தன. தரவு எல்லோரிடமும் இருக்கிறது. அதை நம்பி எட்டுத் தோல்விகளைப் பொறுத்துக்கொள்ளும் நிர்வாகம்தான் அரிது.

மேற்கு லண்டனில் 1889இல் தொடங்கப்பட்ட இந்த கிளப், 1930களின் நடுவிலிருந்து 1947 வரை, அன்றைய முதல் அடுக்கான முதல் டிவிஷனில் இருந்தது. பிறகு சரிந்தது. நான்கு மூலைகளிலும் மதுக்கூடங்கள் இருந்த கிரிஃபின் பார்க் என்ற பழைய மைதானமும், லண்டனின் பெரிய கிளப்புகளுக்கு நடுவே விடாப்பிடியாக நின்ற ஒரு சிறு ரசிகர் கூட்டமும்தான் அதன் சொத்து. கடன் கழுத்தை நெரித்த நிலையில், 2006இல் பீஸ் யுனைட்டெட் என்ற ரசிகர் அறக்கட்டளை பெரும்பான்மைப் பங்குகளை ஏற்றுக்கொண்டது. அந்த ரசிகர்களில் ஒருவர் மேத்யூ பென்ஹம். சிறுவயதிலிருந்தே பிரென்ட்ஃபோர்டைப் பின்தொடர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் படித்தவர். லண்டன் நிதித்துறையில் வேலை செய்துவிட்டுப் பந்தயத் தொழிலுக்குள் வந்தவர். அங்கே அவருக்கு மேலாளராக இருந்தவர் டோனி புளூம். பின்னாளில் பிரைட்டன் கிளப்பின் தலைவரானதும் அவர்தான். இருவரும் பிரிந்த பிறகு, 2004இல் பென்ஹம் ஸ்மார்ட்ஆட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கால்பந்து ஆட்டங்களின் நிகழ்தகவைக் கணக்கிட்டுத் தொழில்முறைப் பந்தயக்காரர்களுக்கு விற்பது அதன் வேலை. அந்தத் தொழிலில் ஈட்டிய பணம்தான் பிரென்ட்ஃபோர்டுக்குள் படிப்படியாக வந்தது. 2012இல் கிளப் முழுமையாக அவர் கைக்கு மாறியது.

இந்தப் பின்னணி தற்செயலான தகவல் அல்ல, இந்த கிளப்பின் அறிவே இதில்தான் இருக்கிறது. பந்தயத்தில் பிழைக்க வேண்டுமானால், ஓர் அணி கடந்த வாரம் வென்றதா தோற்றதா என்பது போதாது. அந்த அணியின் உண்மையான வலிமை என்ன என்பதைச் சந்தையைவிடத் துல்லியமாக மதிப்பிட வேண்டும். மதிப்பீடு தவறினால் அன்றைக்கே பணம் போகும். செய்தித்தாளில் எழுதுகிறவருக்கும் தொலைக்காட்சியில் பேசுகிறவருக்கும் இல்லாத இந்தக் கட்டாயம், பந்தயக் கணக்காளரை வேறு விதமாகப் பார்க்கப் பழக்குகிறது. ஒரு கிளப்பை நடத்துகிறவருக்கும் தேவைப்படுவது அதே மதிப்பீடுதான். ஆனால் பெரும்பாலான கிளப்புகள் அதைப் புள்ளிப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டு திருப்தியடைந்தன.

புள்ளிப் பட்டியல் ஏன் போதாது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கால்பந்தில் கோல்கள் மிகக் குறைவு. ஓர் ஆட்டத்துக்கு இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக மூன்று கோல்கூட அடிப்பதில்லை. மூன்றே கேள்விகள் உள்ள தேர்வை வைத்து ஒரு மாணவனின் அறிவை அளப்பது எவ்வளவு நம்பகமானதோ, அவ்வளவுதான் ஓர் ஆட்டத்தின் கோல் கணக்கும். இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் எதிர்பார்ப்பு கோல் என்ற அளவீடு வந்தது. சுருக்கமாக எக்ஸ்ஜி என்பார்கள். கோல் கம்பத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கோணம், காலால் அடித்ததா தலையால் முட்டியதா, பந்து எப்படி வந்து சேர்ந்தது என்ற விவரங்களைக் கொண்டு, கடந்த காலத்தில் இதே போன்ற ஆயிரக்கணக்கான ஷாட்களில் எத்தனை கோலாயின என்று பார்த்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு மதிப்பு தரப்படுகிறது. பெனால்டிக்கு இந்த மதிப்பு ஏறக்குறைய 0.78. எல்லா ஷாட்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பத்தில் ஒன்றுதான் கோலாகிறது.

ஒரு கற்பனை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதல் அணி பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து 15 முறை அடிக்கிறது. ஒவ்வொன்றின் மதிப்பும் 0.04. இரண்டாவது அணி மூன்றே முறை அடிக்கிறது. ஆனால் கோலுக்கு மிக அருகிலிருந்து, ஒவ்வொன்றும் 0.35 மதிப்புள்ள வாய்ப்புகள். முதல் அணியின் கூட்டுத்தொகை 0.6, இரண்டாவது அணியுடையது 1.05. அரங்கில் இருந்தவர்கள் முதல் அணிதான் அடித்து ஆடியது என்று சொல்லிக்கொண்டு போவார்கள். கணக்கு இரண்டாவது அணிதான் நன்றாக ஆடியது என்கிறது. ஆனாலும் முதல் அணி குறைந்தது ஒரு கோல் அடிக்க 46 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டாவது அணி மூன்றையும் வீணாக்க 27 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டையும் பெருக்கினால், எட்டு முறைக்கு ஒரு முறை, மோசமாக ஆடிய அணி எதிரணியைக் கோலே அடிக்கவிடாமல் வென்றுவிடும். ஓர் ஆட்டத்தில் நடக்கும் இந்த அநியாயம், பத்து ஆட்டங்களில் ஓரளவு சமனாகும். ஆனால் முழுதாகச் சமனாகாது. சில சமயம் 38 ஆட்டங்கள் கொண்ட ஒரு முழு சீசனுக்குப் பிறகும் அதன் எச்சம் பட்டியலில் இருக்கும்.

அப்படியொரு எச்சத்துக்கு நியூகாசில் நல்ல உதாரணம். 2011-12 சீசனில் அந்த அணி பிரீமியர் லீகில் ஐந்தாம் இடம் பிடித்தது. அடித்தது 56, வாங்கியது 51. வித்தியாசம் ஐந்தே கோல். ஆறாம் இடத்தில் இருந்த செல்சியின் வித்தியாசம் 19. நெருக்கமான ஆட்டங்கள் பல நியூகாசில் பக்கம் சாய்ந்ததன் விளைவுதான் அந்த ஐந்தாம் இடம் என்பதை இந்த ஒற்றை எண்ணே காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் கிளப் பட்டியலை நம்பியது. பயிற்சியாளர் ஆலன் பார்டியூவுக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அடுத்த சீசனில் அணி 16ஆம் இடத்தில் முடித்தது. பிரென்ட்ஃபோர்டின் இயக்குநராக இருந்த ராஸ்மஸ் ஆங்கர்சன் இந்தக் கதையைப் பொதுமேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பென்ஹம் தம் அணிக்கென, எந்த அணிக்கு எத்தனை புள்ளிகள் உரியவை என்று வாய்ப்புகளின் தரத்தைக் கொண்டு கணக்கிடும் தனிப் பட்டியல் ஒன்றை வைத்திருந்தார். கிளப்பின் முடிவுகள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எடுக்கப்பட்டன.

எண்களை எண்ணுவதும் எண்களைப் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்பதற்கான பாடம் இதே கிளப்பின் வரலாற்றிலேயே இருப்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இங்கிலாந்து விமானப்படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்லஸ் ரீப், 1950இல் ஒரு குறிப்பேட்டோடு கால்பந்து ஆட்டங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார். அவரை 1951இல் ஆலோசகராக அழைத்த கிளப், இரண்டாம் டிவிஷனில் தடுமாறிக்கொண்டிருந்த பிரென்ட்ஃபோர்ட்தான். பல்லாண்டு உழைப்பில் ரீப் கண்டுபிடித்தது, கோல்களில் ஏறக்குறைய 80 சதவீதம் மூன்று அல்லது அதற்குக் குறைவான பாஸ்களில் விளைகின்றன என்பது. ஆகவே பந்தை வேகமாக முன்னால் தூக்கி அடியுங்கள் என்றார். ஒரு தலைமுறைப் பயிற்சியாளர்கள் அதைக் கேட்டார்கள். ஆனால் அவருடைய பதிவுகளிலேயே, மொத்த நகர்வுகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை மூன்று பாஸ்களுக்குள் முடிந்துவிடுபவை. எனவே அந்த 90 சதவீதத்திலிருந்து 80 சதவீதக் கோல்கள்தான் வந்தன. மீதமிருந்த பத்து சதவீதத்துக்கும் குறைவான நீண்ட நகர்வுகள் 20 சதவீதக் கோல்களைக் கொடுத்தன. வகுத்துப் பார்க்கத் தவறிய ஒரு கணக்கு, அவர் சொன்னதற்கு நேர் எதிரானதை நிரூபித்துக்கொண்டிருந்தது. இத்தனை உழைத்த மனிதர் இந்த ஒரு படியில் சறுக்கியது வருத்தத்துக்குரியது. தரவு இருப்பதே அறிவாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இந்த விளையாட்டில் இல்லை.

பென்ஹமின் பிரென்ட்ஃபோர்டுக்கு வந்த முதல் பெரிய சோதனை 2013 ஏப்ரலில். மூன்றாம் அடுக்கில் சீசனின் கடைசி ஆட்டம், எதிரணி டான்காஸ்டர், 90 நிமிடங்களுக்குப் பிறகு சேர்க்கப்பட்ட நேரத்தில் ஒரு பெனால்டி. அது கோலானால் இரண்டாம் அடுக்குக்கு உயர்வு உறுதி. வழக்கமாக அடிக்கும் கேப்டனிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்ட இளம் வீரர் மார்செல்லோ ட்ரோட்டா அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. திரும்பிய பந்தோடு டான்காஸ்டர் மறுமுனைக்கு ஓடி, சில நொடிகளில் கோல் அடித்து, தானே சாம்பியனாக உயர்ந்தது. உயர்வுக்கு மிஞ்சிய கடைசி வாய்ப்பான பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்திலும் பிரென்ட்ஃபோர்ட் தோற்றது. இப்படியொரு நாளுக்குப் பிறகு பழிவாங்கும் மனநிலையில் அணியைக் கலைத்துவிடுவது எளிது. கிளப் அதைச் செய்யவில்லை. ஒரு பெனால்டி கம்பத்தில் பட்டதால் 46 ஆட்டங்களில் காட்டிய தரம் மாறிவிடாது என்ற எளிய வாதம்தான் காரணம். ஃபுல்ஹமிலிருந்து கடனாக வந்திருந்த ட்ரோட்டாவையே அடுத்த சீசனுக்கும் மீண்டும் கடனாகப் பெற்றார்கள். 2014இல் அணி உயர்ந்தது.

அதே தர்க்கம் எதிர்த் திசையிலும் வெட்டும், அதுதான் ரசிகர்களுக்கு வலித்தது. மார்க் வார்பர்டனின் கீழ் 2014-15இல் அணி சாம்பியன்ஷிப்பில் ஐந்தாவதாக வந்தது. அந்த கிளப்புக்கு அது பல பத்தாண்டுகளில் காணாத உயரம். ஆனால் சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, 2015 பிப்ரவரியில், சீசன் முடிந்ததும் அவர் விலகுவார் என்று கிளப் அறிவித்தது. வீரர்கள் தேர்விலும் ஆட்ட ஆய்விலும் எண்களுக்கு எவ்வளவு இடம் என்பதில் உரிமையாளருக்கும் பயிற்சியாளருக்கும் ஒத்துப்போகவில்லை. அடுத்து வந்த டச்சுக்காரர் மரினஸ் டைக்ஹைசன் ஒன்பதே ஆட்டங்களில் நீக்கப்பட்டார். எட்டுத் தோல்விகளுக்குப் பிறகும் ஃபிராங்கை வைத்துக்கொண்ட கிளப்தான் இதையும் செய்தது. வென்றவர் போனார், தோற்றவர் இருந்தார் என்று மேலோட்டமாகப் பார்த்தால் முரண்பாடாகத் தெரியும். முடிவுகளை அளவுகோலாக எடுக்காத ஒரு நிர்வாகத்தில் இரண்டும் ஒரே கொள்கையின் இரண்டு பக்கங்கள். கொள்கை சரியாக இருந்தாலும் 2015இல் அதை நடைமுறைப்படுத்திய விதம் முரட்டுத்தனமானது என்றே நான் கருதுகிறேன். தங்களை உயர்த்திய மனிதர் ஏன் போக வேண்டும் என்பதை ரசிகர்களுக்குப் பொறுமையாக விளக்கும் கடமை கிளப்புக்கு இருந்தது. அந்த ஆண்டு கால்பந்து இயக்குநர்களாகப் பொறுப்பேற்ற ஆங்கர்சனும், புள்ளியியல் துறையிலிருந்து வந்த ஃபில் கைல்ஸும் பயிற்சியாளர் தேர்வை ஒரு முறைமைக்குள் கொண்டுவந்த பிறகுதான் நிலைத்தன்மை வந்தது.

இனி அந்தப் புகழ்பெற்ற வாங்கல்-விற்றல் கணக்குக்கு வரலாம். 2017இல் பிரான்சின் சான்-எத்தியனிலிருந்து நீல் மோப்பே சுமார் 16 லட்சம் பவுண்டுக்கு வந்தார். 2018-19இல் லீகில் 25 கோல் அடித்தார். சுமார் 2 கோடி பவுண்டுக்கு பிரைட்டன் அவரை வாங்கியது. முன்கள வீரர் போய்விட்டார். புதிதாக ஒருவரைத் தேடி அலையாமல், நான்காம் அடுக்கில் ஆடிய எக்ஸிட்டரிலிருந்து 18 லட்சம் பவுண்டுக்கு ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த ஆலி வாட்கின்ஸை, பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தவரை, நடுவுக்கு நகர்த்தினார்கள். 2019-20இல் அவரும் லீகில் 25 கோல் அடித்தார். 2.8 கோடி பவுண்டுக்கு ஆஸ்டன் வில்லா அவரை வாங்கியது. அவர் இடத்துக்கு, மூன்றாம் அடுக்கில் ஆடிய பீட்டர்பரோவிலிருந்து ஐவன் டோனி சுமார் 50 லட்சம் பவுண்டுக்கு வந்தார். இளம் வயதில் நியூகாசில் வாங்கி, பயன்படுத்தாமல் கடனுக்கு அனுப்பிக்கொண்டிருந்து, கடைசியில் கைவிட்ட வீரர் அவர். 2020-21இல் லீகில் 31 கோல் அடித்தார். மூன்று ஆண்டுகள், மூன்று வெவ்வேறு முன்கள வீரர்கள், கோல் கணக்கு குறையவே இல்லை.

இந்தச் சங்கிலியில் கவனிக்க வேண்டியது மூன்று பேரின் திறமையை மட்டுமல்ல. ஒருவர் கோல் அடிக்கும்போது, அது அவருடைய தனித்திறமையா, அல்லது அணி அவருக்கு உருவாக்கிக் கொடுக்கும் வாய்ப்புகளின் தரமா என்று பிரித்துப் பார்த்ததால்தான், அவரை விற்கும் துணிவு கிளப்புக்கு வந்தது. வாங்கும் பக்கத்தில் அவர்களுக்கு இருந்த அனுகூலம் வேறு வகையானது. பந்தயத்துக்காக உலகெங்கும் உள்ள லீகுகளின் அணிகளை ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்தி வைத்திருந்ததால், இங்கிலாந்தின் நான்காம் அடுக்கில் அடிக்கும் ஒரு கோலும் பிரான்சின் இரண்டாம் அடுக்கில் அடிக்கும் ஒரு கோலும் சாம்பியன்ஷிப்பில் எவ்வளவு பெறும் என்று அவர்களால் மாற்றிப் பார்க்க முடிந்தது. பெரிய கிளப்புகளுக்காக வீரர்களைத் தேடுகிறவர்கள் எட்டிப்பார்க்காத இடங்களில் விலை குறைவாகவும் மதிப்பு அதிகமாகவும் இருந்தது. பிரான்சின் இரண்டாம் அடுக்கு அணியான த்ருவாவிலிருந்து 2019இல் சுமார் 58 லட்சம் பவுண்டுக்கு வந்த பிரையன் எம்பியூமோவை, 2025இல் மான்செஸ்டர் யுனைட்டெட் 6.5 கோடி பவுண்டும் அதற்கு மேலும் கொடுத்து வாங்கியது. எல்லா வாங்கல்களும் இப்படிப் பலிக்கவில்லைதான். சிறு தொகைகளாகப் பல இடங்களில் வைத்ததால், தவறிப்போனவை கிளப்பைக் கவிழ்க்கவில்லை. எண்களுக்குப் பிறகு வீரரின் குணமும் விசாரிக்கப்பட்டது. அணியின் உடைமாற்று அறைச் சூழலைக் கெடுக்கும் ஆளை எவ்வளவு திறமைசாலியானாலும் எடுப்பதில்லை என்பதில் ஃபிராங்க் உறுதியாக இருந்தார்.

2016இல் கிளப் தன் இளையோர் பயிற்சிக் கழகத்தையே மூடியது. அன்றைய விதிகளின்படி பெரிய கிளப்புகள் சிறு கிளப்பின் சிறுவர்களைச் சொற்ப இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ள முடிந்தது. வளர்த்த இரு சிறுவர்கள் மான்செஸ்டரின் இரு கிளப்புகளுக்கும் போனார்கள். அதற்குப் பதிலாக, பெரிய கிளப்புகள் கழித்துவிட்ட 17 முதல் 20 வயதினரைச் சேர்த்து ஒரு பி அணி உருவாக்கப்பட்டது. கணக்கில் இது லாபமே. ஆனாலும் அந்தப் பகுதிச் சிறுவர்களுக்குத் தங்கள் கிளப்பின் கதவு சாத்தப்பட்டது உண்மையான இழப்பு. 2022இல் கழகம் மீண்டும் திறக்கப்பட்டது நல்ல முடிவு.

ஆடுகளத்துக்குள் தரவு மிகத் தெளிவாகத் தெரிந்தது நின்ற பந்துகளில். கார்னர், ஃப்ரீ கிக், நீண்ட த்ரோ-இன் ஆகியவற்றிலிருந்து வரும் கோல்கள் எந்த லீகிலும் மொத்தத்தில் கணிசமான பங்கு. ஆனால் அவற்றுக்கெனப் பயிற்சியில் ஒதுக்கப்பட்ட நேரம் நெடுங்காலம் மிகக் குறைவு. நட்சத்திர வீரரை வாங்கப் பணம் இல்லாத கிளப்புக்கு, ஒரு சிறப்புப் பயிற்சியாளரின் சம்பளத்தில் கோல்கள் கிடைக்குமானால் அதைவிட மலிவான கொள்முதல் இல்லை. இதற்கான சோதனைக்கூடமாக டென்மார்க்கின் மித்யுலன் கிளப் இருந்தது. 2014இல் அதன் பெரும்பான்மைப் பங்கை பென்ஹம் வாங்கினார். அடுத்த ஆண்டே அது தன் வரலாற்றின் முதல் டென்மார்க் பட்டத்தை வென்றது, நின்ற பந்துக் கோல்களின் பெரும் துணையோடு. பிரென்ட்ஃபோர்டிலும் ஜானி வியோ, நிக்கோலஸ் ஜோவர், பெர்னார்டோ குவேவா என்று இதற்கென்றே பயிற்சியாளர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். த்ரோ-இன் எறிவதற்கு மட்டும் பயிற்சி தரும் தாமஸ் குரொன்னமார்க்கும் வந்தார். 2021 ஆகஸ்ட் 13 அன்று, பிரீமியர் லீகில் கிளப்பின் முதல் ஆட்டத்திலேயே ஆர்சனலை 2-0 என வென்றபோது, இரண்டாவது கோல் மத்ஸ் பெக் சொரென்சன் எறிந்த நீண்ட த்ரோவிலிருந்து வந்தது. தரையில் குதித்து எழுந்த பந்தை நோர்கார்ட் தலையால் முட்டி உள்ளே தள்ளினார்.

2024 செப்டம்பரில் இந்தச் சிந்தனை இன்னொரு படி போனது. ஆட்டத்தைத் தொடங்கும் கிக்-ஆஃபும் ஒரு நின்ற பந்துதானே என்று அதற்கும் ஒரு திட்டம் வகுத்தார்கள். மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக 22ஆவது நொடியில் விஸ்ஸா, டாட்டன்ஹமுக்கு எதிராக 23ஆவது நொடியில் எம்பியூமோ, வெஸ்ட் ஹாமுக்கு எதிராக 37ஆவது நொடியில் மீண்டும் எம்பியூமோ என அடுத்தடுத்த மூன்று ஆட்டங்களில் முதல் நிமிடத்திலேயே கோல் அடித்தார்கள். பிரீமியர் லீகில் வேறெந்த அணியும் அதற்கு முன் இதைச் செய்ததில்லை. ஆனால் அந்த மூன்றில் ஒன்றிலும் அவர்கள் வெல்லவில்லை. இரண்டில் தோற்று, ஒன்றில் சமன் செய்தார்கள். எவ்வளவு கூர்மையான திட்டமும் கொடுப்பது ஒரு சிறு அனுகூலம்தான் என்பதை இதைவிட நேர்மையாக எந்த விளக்கமும் சொல்லிவிட முடியாது. அந்தச் சிறு அனுகூலங்களை வருடக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போவதுதான் வேலை.

17,250 பேர் அமரும் புதிய அரங்கம், பிரீமியர் லீகின் அடிமட்டத்தை ஒட்டிய சம்பளச் செலவு என்ற நிலையில், 2021-22இல் 13ஆம் இடம், அடுத்த ஆண்டு 59 புள்ளிகளோடு 9ஆம் இடம். அந்த ஆண்டின் சாம்பியன் மான்செஸ்டர் சிட்டியை லீகில் இரு முறையும் வென்ற ஒரே அணி பிரென்ட்ஃபோர்ட். 2023-24இல் 16ஆம் இடத்துக்குச் சரிந்தது. முக்கிய வீரர்கள் பலர் காயம்பட்டிருந்தார்கள். டோனி பந்தய விதிமீறலுக்காக எட்டு மாதத் தடையில் இருந்தார். அப்போதும் ஃபிராங்கின் வேலைக்கு ஆபத்து வரவில்லை. அடுத்த ஆண்டு 10ஆம் இடம்.

டோனியின் தடையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பந்தயத்தில் ஈட்டிய பணத்தால் எழுந்த கிளப், சட்டையின் மார்பில் பந்தய நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய கிளப், அதன் நட்சத்திர வீரர் பந்தயம் கட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டார். விதியை மீறியது அவர்தான். ஆனால் இளம் வீரர்களைச் சுற்றிலும் சூதாட்ட விளம்பரங்களை நிறைத்து வைத்துவிட்டு அவர்களிடம் மட்டும் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது நியாயமாகத் தெரியவில்லை. சட்டையின் முன்பக்கத்தில் சூதாட்ட விளம்பரங்களை 2025-26 சீசனோடு நிறுத்த பிரீமியர் லீக் கிளப்புகள் ஒப்புக்கொண்டிருப்பது தாமதமான, ஆனால் தேவையான நடவடிக்கை.

இந்த வழியில் பிரென்ட்ஃபோர்ட் மட்டும் நடக்கவில்லை. டோனி புளூமின் பிரைட்டன் 2017இல் பிரீமியர் லீகுக்கு வந்து, 2022-23இல் ஆறாம் இடம் பிடித்தது. எக்வடாரிலிருந்து சுமார் 45 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய மொய்செஸ் கைசெடோவை செல்சிக்கு 10 கோடி பவுண்டுக்கும் மேல் விற்றது. புளூம் 2018இல் வாங்கிய பெல்ஜியத்தின் யூனியன் சான்-ஜிலுவாஸ் அப்போது இரண்டாம் அடுக்கில் இருந்தது. 2025இல், 1935க்குப் பிறகு முதல் முறையாக, நாட்டின் சாம்பியன் ஆனது. ஒரே பந்தய அலுவலகத்தில் பணியாற்றிய இரு மனிதர்களிடமிருந்து இத்தனை கிளப்புகள் கிளைத்திருப்பதைப் பார்த்தால், எக்ஸ்ஜி போன்ற பொதுவான அளவீடுகள் இந்த வெற்றிக்குப் போதுமான விளக்கம் அல்ல என்பது தெரியும். அந்த அளவீடுகள் இன்று தொலைக்காட்சித் திரையிலேயே ஓடுகின்றன. இவர்களுடைய கணக்கு முறைகளோ இன்றுவரை வெளியிடப்படவில்லை.

ஆனால் கணக்கைப் பூட்டி வைக்கலாம், மனிதர்களைப் பூட்டி வைக்க முடியாது. நின்ற பந்துகளுக்கான ஜோவர் சிட்டி வழியாக ஆர்சனலுக்குப் போனார். குவேவா செல்சிக்குப் போனார். பிரென்ட்ஃபோர்டில் கற்றது இப்போது பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராகவே பயன்படுகிறது. 2025 கோடையில் ஃபிராங்க் டாட்டன்ஹமுக்கும், கேப்டன் நோர்கார்ட் ஆர்சனலுக்கும், கோல்கீப்பர் ஃப்ளெக்கன் லெவர்குசனுக்கும் போனார்கள். முந்தைய சீசனில் லீகில் இருவருமாக 39 கோல் அடித்த எம்பியூமோவும் விஸ்ஸாவும் விற்கப்பட்டார்கள். தலைமைப் பயிற்சியாளராக, அதுவரை எந்த கிளப்பிலும் அந்தப் பொறுப்பில் இருந்திராத கீத் ஆண்ட்ரூஸ் நியமிக்கப்பட்டார். கிக்-ஆஃப் கோல்கள் வந்த சீசனில் நின்ற பந்துப் பயிற்சியாளராக இருந்தவர் அவர்தான். முதல் ஆட்டத்தில் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டிடம் 3-1 எனத் தோற்றார்கள். அக்டோபரில் அப்போதைய சாம்பியன் லிவர்பூலை 3-2 என வென்றார்கள்.

இந்த மாற்றத்தில் என் கவனத்தை ஈர்ப்பது ஒரு வாங்கல். எம்பியூமோவின் இடத்தை நிரப்ப, பிரீமியர் லீகிலேயே ஆடிக்கொண்டிருந்த டாங்கோ வாத்தாராவை போர்ன்மத்திடமிருந்து 4 கோடி பவுண்டையொட்டிய தொகைக்கு வாங்கினார்கள். கிளப்பின் வரலாற்றிலேயே மிகப் பெரிய விலை. எக்ஸிட்டரில் 18 லட்சத்துக்கு ஒரு வாட்கின்ஸும் பீட்டர்பரோவில் 50 லட்சத்துக்கு ஒரு டோனியும் கவனிக்கப்படாமல் கிடந்த சந்தை இன்று இல்லை. அந்தச் சந்தைக்குள் இப்போது எல்லா கிளப்புகளின் தரவுப் பிரிவுகளும் நுழைந்துவிட்டன. பிரென்ட்ஃபோர்டும் எல்லோரையும் போல எல்லோருக்கும் தெரிந்த வீரருக்கு முழு விலை கொடுக்கத் தொடங்கியிருக்கிறது.